இரண்டு அடுப்பின் கணக்கு: சிங்கப்பூரா, துபாயா?

தை மாதக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் என் அக்கா மகன் வந்து கைப்பேசியை நீட்டினான். "அம்மான், ரெண்டு எடத்துலேருந்தும் வந்திருச்சு, பாருங்க." இரண்டு வேலைக் கடிதங்கள். ஒன்று சிங்கப்பூர், மாதம் 8,500 சிங்கப்பூர் டாலர். இன்னொன்று துபாய், மாதம் 20,000 திர்ஹாம். வரும் வழியிலேயே பெருக்கிப் பார்த்துவிட்டான். டாலர் 65 ரூபாய் என்று வைத்தால் சிங்கப்பூர்ச் சம்பளம் 5,52,500. திர்ஹாம் 23 என்று வைத்தால் துபாய்ச் சம்பளம் 4,60,000. "மாசம் தொண்ணூறாயிரம் வித்தியாசம். அப்ப சிங்கப்பூர்தானே?"

நான் காரைக்குடிக்குப் பக்கத்துப் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் 22 வருஷம் கணக்கு எழுதியவன். நெல் வண்டி வந்து நின்றால் மூட்டை என்ன விலை என்று முதலில் கேட்க மாட்டோம். ஒரு கைப்பிடி எடுத்துத் தேய்த்து, ஈரம் பார்த்து, அரைத்தால் எவ்வளவு அரிசி தேறும் என்று பார்ப்போம். விலை பேசுவது அதற்கு அப்புறம்தான். இவன் மூட்டை விலையைச் சொல்லிக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லி, ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தேன். அந்த நோட்டில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டான். பேரும் கம்பெனியும் மட்டும் வேண்டாமாம்.

முதலில் நம்ம ஊர்ப் பக்கம்

அவனுக்கு வயது 34. சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்குக் காரைக்குடி வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கைக்கு வந்தது 95,000. மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை, சம்பளம் 28,000. பெண்ணுக்கு ஆறு வயது, பையனுக்கு இரண்டு. காரைக்குடியில் வாடகை வீடு. என் அக்கா பள்ளத்தூர்ப் பக்கம் பங்காளிகளுக்குப் பொதுவான பழைய பங்கு வீட்டில், இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓர் அறையும் சமையல்கட்டும் புழங்கிக்கொண்டு தனியாக இருக்கிறார்.

காரைக்குடிக் குடித்தனத்துக்கு மாதம் 50,000 ஆனது. வாடகை 12,000, மளிகை காய்கறி பால் எல்லாம் 16,000, பிள்ளைகளின் படிப்பு 7,000, பெட்ரோல் 5,000, மற்றது 10,000. இது ஒரு அடுப்பு.

இதைத் தவிர, அவன் எங்கே இருந்தாலும் நிற்காத செலவு ஒன்று இருக்கிறது. அம்மாவின் சாப்பாடு, மருந்து 15,000. காரைக்குடியில் மனை வாங்கிய கடனுக்குத் தவணை 22,000. பழைய வீட்டைக் கூட்டிப் பெருக்கும் ஆளுக்கும் கரண்டுக்கும் 4,000. மீதி 7,000 என்பது மொய், எங்கள் நகரத்தார் சமூகத்தின் கோயிலுக்குப் புள்ளி வரி, பங்காளிகளோடு சேர்ந்து ஓடு மாற்ற ஒதுக்குவது, இப்படி. மொத்தம் 48,000. கல்யாணமான ஒவ்வொருவனும் ஒரு புள்ளி; அவன் அமெரிக்காவில் இருந்தாலும் ஆத்தங்குடியில் இருந்தாலும் புள்ளிக்கு உள்ளதைக் கட்டியாக வேண்டும். எந்த இணையதளத்தின் செலவுப் பட்டியலிலும் இதற்கு ஒரு வரி கிடையாது.

ஆக, இரண்டு பேர் சம்பளம் 1,23,000. செலவு 98,000. மிச்சம் 25,000. "இருபத்தஞ்சாயிரத்துக்கா அம்மான் இவ்வளவு பாடு" என்று சிரித்தான். பி.எஃப் எவ்வளவு என்று கேட்டேன். அவன் பங்கும் கம்பெனி பங்கும் சேர்த்து 14,000. அது கைக்கு வராததால் அவன் கணக்கிலும் வரவில்லை. அதையும் சேர்த்து 39,000 என்று எழுதினேன். இனி எந்த ஊரைப் பார்த்தாலும் இந்த 39,000 ரூபாயோடுதான் ஒப்பிட வேண்டும் என்று அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன்.

இணையதளம் சொன்னதும் சொல்லாததும்

அவன் ஏற்கெனவே 'நம்பியோ' (Numbeo) என்கிற இணையதளத்தில் சென்னையையும் சிங்கப்பூரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தான். அந்தத் தளம் பயனாளர்கள் தாங்களே உள்ளிடும் விலைகளை வைத்து, நியூயார்க்கை 100 என்று கொண்டு மற்ற ஊர்களுக்கு எண் கொடுக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் அதில் 'வாழ்க்கைச் செலவுக் குறியீடு' என்று முதலில் நிற்கிற எண்ணில் வாடகை கிடையாது. வாடகைக்குத் தனிக் குறியீடு, இரண்டும் சேர்ந்ததற்கு இன்னொரு குறியீடு. இவன் முதல் எண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். சிங்கப்பூரில் வாடகையை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவது, கல்யாணச் செலவில் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போடுகிற மாதிரி.

பத்திரிகைகளில் வருஷா வருஷம் வரும், மெர்சர் நிறுவனத்தின் 'செலவு மிகுந்த ஊர்கள்' பட்டியல் வேறு ரகம். 2024 பட்டியலில் ஹாங்காங் முதலிடம், சிங்கப்பூர் இரண்டாமிடம். அது, பன்னாட்டுக் கம்பெனிகள் தங்கள் ஆட்களை வெளியூருக்கு அனுப்பும்போது எவ்வளவு படி கொடுக்கலாம் என்று முடிவு செய்ய உதவுவதற்காகத் தயாரிப்பது. வீடு கம்பெனி தரும், பள்ளிக் கட்டணம் கம்பெனி தரும் என்கிற அதிகாரியின் கூடை அது. எங்கள் வீட்டுக் கூடையில் இட்லி அரிசியும் உளுந்தும் அக்காவின் சர்க்கரை மாத்திரையும் இருக்கின்றன. இரண்டு கூடையும் ஒன்றாகாது.

இன்னொரு குழப்பத்தை உறவினர் ஒருவர் கிளப்பினார். சிங்கப்பூரில் முப்பது வருஷமாக இருப்பவர், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "மூவாயிரத்து ஐந்நூறு டாலர் இருந்தா குடும்பம் தாராளமா ஓடும்." அவருக்கு ஓடும். அவர் குடியுரிமை வாங்கியவர். அரசு அடுக்குமாடி வீடு சொந்தம். பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்து முடித்துவிட்டார்கள், ஆஸ்பத்திரியில் அரசுச் சலுகை உண்டு. சம்பளத்துக்கு மேலே முதலாளி சி.பி.எஃப் சேமநிதியும் கட்டுகிறார். வேலை அனுமதியில் போகிற வெளிநாட்டவனுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது, சி.பி.எஃப் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். ஒரே ஊர், ஒரே சம்பளம், ஆனால் இரண்டு வேறு வாழ்க்கை. அதனால் அவர் சொன்னதில் காய்கறி விலையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சிங்கப்பூர்

வேலை அனுமதியில் சிக்கல் இல்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரியிலிருந்து 5,600 டாலர். வயது ஏற ஏற அதுவும் ஏறி 45 வயதில் 10,700 வரை போகிறது. 34 வயதுக்கு 8,500 போதும். குடும்பத்தைக் கூட்டிப்போகச் சம்பளம் 6,000 இருந்தால் சரி. ஆனால் அப்படிக் குடும்ப அனுமதியில் வருகிற மனைவி, 2021 மே மாதத்திலிருந்து தனக்கென்று தனி வேலை அனுமதி வாங்காமல் அங்கே வேலை பார்க்க முடியாது. பையன் வேறு இரண்டு வயது. ஆக, அந்த 28,000 ரூபாய் நின்றுபோகும் என்று எழுதினேன். அதுவரை அவன் அந்தத் தொகையை எந்தப் பக்கமும் எழுதியிருக்கவில்லை.

வீடு. "மூணு ரூம் வீடு 2,800 டாலருக்குக் கெடைக்குது அம்மான், பரவாயில்லை." மூன்று ரூம் என்றால் அங்கே ஹாலையும் சேர்த்து. படுக்கையறை இரண்டுதான். அரசு அடுக்குமாடியில் மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு முழு வீடாக வாடகைக்கு விட ஒதுக்கீட்டு வரம்பும் உண்டு: வட்டாரத்தில் 8 சதம், கட்டடத்தில் 11 சதம். வரம்பு நிரம்பிய கட்டடத்தில் வீட்டுக்காரர் விரும்பினாலும் நமக்குக் கொடுக்க முடியாது. சரி, 2,800 என்றே வைத்துக்கொண்டோம்.

கரண்டு, தண்ணீர், இணையம், போன் 300. சாப்பாடு, மளிகை 1,100. பஸ், ரயில் 220. கார் பேச்சே எடுக்கவில்லை. அங்கே கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டே பத்து வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேலேயும் போயிருக்கிறது. காப்பீடும் வைத்தியமும் 250. மற்றது 300.

பள்ளியில்தான் கணக்கு கனத்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி ஒன்றாம் வகுப்பில் கடைசிக் கட்டத்தில்தான் இடம், அதுவும் மிச்சமிருந்தால். அதற்கு மேல் வகுப்பு என்றால் தனி நுழைவுத் தேர்வு. நம்பி உட்கார முடியாது என்று இந்தியப் பாடத்திட்டத் தனியார் பள்ளி ஒன்றில் விசாரித்தான். பஸ்ஸோடு சேர்த்து மாதத்துக்கு 1,600 டாலர் வந்தது. ரூபாயில் 1,04,000. அவனுடைய இப்போதைய கைச்சம்பளத்தைவிட அதிகம். அவன் மனைவி பேனாவை வாங்கி அந்த எண்ணின் கீழே இரண்டு கோடு போட்டாள்.

வரியையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் மாதச் சம்பளத்தில் வரி பிடிப்பதில்லை. அடுத்த வருஷம் மொத்தமாகக் கேட்பார்கள். முதல் வருஷம் கையில் புரளும் பணம் எல்லாம் நம்முடையது என்று நினைத்துச் செலவழித்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. வருஷச் சம்பளம் 1,02,000 டாலர். மனைவி, இரண்டு பிள்ளைகள், சம்பாத்தியக் கழிவு எல்லாம் போக 91,000 டாலருக்கு வரி சுமார் 4,600. மாதத்துக்கு 385 என்று ஒதுக்கினோம். விலையோடு சேர்ந்து வரும் 9 சத ஜி.எஸ்.டி.யைத் தனியாக எழுதவில்லை, விலைக்குள்ளேயே இருக்கிறது.

எல்லாம் கூட்டினால் 6,955. நாலு பேரும் வருஷத்துக்கு ஒரு தடவை திருச்சி வந்துபோக மாதத்துக்கு 165. மிச்சம் 1,380 டாலர், 89,700 ரூபாய். அதில் ஊரில் நிற்காத செலவு 48,000 போக 41,700.

வட்டம் போட்டு வைத்த எண் 39,000. ஐந்தரை லட்சச் சம்பளத்தில் தேறின அரிசி மாதம் 2,700 ரூபாய் கூடுதல். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அக்கா மட்டும் "காப்பி போடவா?" என்றார்.

துபாய்

இங்கே வருமான வரி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். வாடகையில் 5 சதத்தை வீட்டுக் கட்டணம் என்று கரண்டு ரசீதோடு சேர்த்து மாதாமாதம் வாங்குவது பலருக்குப் போன பிறகுதான் தெரியும். ஒரு படுக்கையறை வீடு, வருஷத்துக்கு 65,000 என்று பிடித்தோம். மாதம் 5,400, வீட்டுக் கட்டணம் 270. கரண்டு, தண்ணீர், இணையம், போன் 850. சாப்பாடு 2,200. போக்குவரத்து 500. இந்தியப் பாடத்திட்டப் பள்ளி, பஸ்ஸோடு 1,350. துபாயில் வேலைக்காரருக்கு மருத்துவக் காப்பீடு முதலாளி பொறுப்பு, குடும்பத்துக்கு நம் பொறுப்பு, அதற்கு 300. மற்றது 1,000, விமானச் செலவு 400. ஆக 12,270 திர்ஹாம்.

மிச்சம் 7,730. ரூபாயில் 1,77,790. ஊர்ச் செலவு போக ஏறக்குறைய 1,30,000. இதோடு பணிக்கொடையும் உண்டு: முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அடிப்படைச் சம்பளம் மட்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். இவன் 20,000 சம்பளத்தில் அடிப்படை 10,000தான், மீதி படிகள். கடிதத்தில் அந்தப் பிரிவினையை அவன் படிக்கவே இல்லை. வருஷத்துக்கு 7,000 திர்ஹாம், மாதத்துக்கு 13,000 ரூபாய் மாதிரி. பி.எஃப்புக்கு அது ஏறக்குறைய ஈடு.

எங்கே வந்தது இவ்வளவு வித்தியாசம் என்று வரி வரியாகப் பார்த்தோம். பள்ளியில் மட்டும் 73,000. வாடகையில் 58,000. வரியில் 25,000, சாப்பாட்டில் 21,000. தொண்ணூறாயிரம் அதிகச் சம்பளம் பள்ளியிலும் வாடகையிலும் போய், அதற்கு மேலேயும் கேட்டது.

தனி ஆளாகப் போனால்

எங்கள் பக்கத்தில் கடல் தாண்டுவது புதிதல்ல. கொண்டு விற்கப் போவது என்பார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன முந்தின தலைமுறை ஆட்கள் மூன்று வருஷத் தவணைக்குப் போவார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக ஊரில் வீட்டுக்கு வந்துவிடும். ஆள் அங்கே கடையும் தங்கலும் ஒன்றான கிட்டங்கியில் பாயை விரித்துப் படுப்பார், பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதுவார். குடும்பம் இங்கே. அன்றைக்கு ஆச்சிமார் என்ன பாடு பட்டார்கள் என்பது தனிக் கதை. கணக்காக மட்டும் பார்த்தால், சம்பாதிப்பது ஒரு நாணயத்தில், செலவின் பெரும்பகுதி இன்னொரு நாணயத்தில். லாபம் அந்த இடைவெளியில்தான் இருந்தது.

அதனால் தனி ஆளாகவும் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். சிங்கப்பூரில் ஓர் அறை 1,000, சாப்பாடு, வரி எல்லாம் சேர்த்து 2,600 டாலரில் ஓட்டிவிடலாம். மிச்சம் 5,900, ரூபாயில் 3,83,500. மனைவி இங்கேயே வேலையில் இருப்பதால் அந்த 28,000 நிற்காது. காரைக்குடி அடுப்புக்கும் ஊர்ச் செலவுக்கும் 98,000 கழித்தால் 3,13,500. துபாயில் அறையைப் பங்கு போட்டுக்கொண்டால் 3,450 திர்ஹாம் ஆகும். அதே மாதிரி கழித்துக் கூட்டினால் 3,10,650.

தனியாகப் போனால் இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒன்று. குடும்பத்தோடு போனால் ஒன்றில் நாற்பதாயிரம், மற்றதில் ஒரு லட்சத்து முப்பதாயிரம். ஊரைவிட, எப்படிப் போகிறோம் என்பதில்தான் கணக்கு புரள்கிறது. இணையதளத்தில் இரண்டு ஊரைத் தட்டினால் இது தெரியவே தெரியாது.

நாணயம்

இது என் சொந்தக் காயம், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். 1997 தொடக்கத்தில் நான் கோலாலம்பூரில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதப் போனேன். ரிங்கிட் அப்போது 14 ரூபாய். சாப்பாடும் தங்கலும் கடை பொறுப்பு என்று வாயால் சொன்னார்கள், போனபின் சம்பளத்தில் பிடித்தார்கள். அது ஒரு பக்கம். அந்த வருஷம் ஆசிய நாணய நெருக்கடி வந்தது. அடுத்த தையில் ரிங்கிட் 9 ரூபாய்க்கும் கீழே. அங்கே என் சம்பளம் ஒரு சென் குறையவில்லை. ஊருக்கு வந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிற்று. ஊரில் வாங்கியிருந்த கடனுக்கு வட்டி ரூபாயில்தான் ஏறிக்கொண்டிருந்தது. 1998 செப்டம்பரில் ரிங்கிட்டை ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டபோது நான் மூட்டை கட்டியாகிவிட்டது.

திர்ஹாம் 1997லிருந்து ஒரு அமெரிக்க டாலருக்கு 3.6725 என்றே கட்டப்பட்டிருக்கிறது. அதனால் ரூபாய்க்கு டாலரோடு என்ன நடக்கிறதோ அதுதான் திர்ஹாமோடும் நடக்கும். சிங்கப்பூர் டாலரை அவர்களின் மத்திய வங்கி பல நாணயங்களின் கூடையோடு ஒட்டி நடத்துகிறது, மோசமில்லை. இரண்டில் எதைக் கண்டும் நான் பயப்படவில்லை. ஆனாலும் நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு, இரண்டு நாணயமும் பத்து சதம் விழுந்தால் என்ன மிஞ்சும் என்று எழுதிவைத்தேன். சிங்கப்பூர்க் குடும்பக் கணக்கு அப்போது 33,000க்குக் கீழே இறங்கி, வட்டத்துக்குள் இருந்த எண்ணைவிடச் சின்னதாகிவிட்டது.

முதலில் வைக்க வேண்டிய பணம்

மாதக் கணக்கு போட்டவர்கள்கூட இதில் தடுக்கி விழுவார்கள். சிங்கப்பூரில் இரண்டு வருஷ ஒப்பந்தத்துக்கு வழக்கமாக இரண்டு மாத முன்பணம், முதல் மாத வாடகை, மொத்த வாடகையில் 0.4 சதம் முத்திரைத் தீர்வை, தரகர் வைத்தால் ஒரு மாதம். 7,45,000 ரூபாய் மாதிரி. துபாயில் வாடகையை மாதாமாதம் கொடுப்பது குறைவு. வருஷ வாடகையை ஒன்றிலிருந்து நாலு காசோலைகளாகப் பின்தேதியிட்டுக் கொடுத்துவிட வேண்டும். நாலு காசோலை என்றால் முதல் காசோலை 16,250. முன்பணம் 5 சதம், தரகு 5 சதம், கரண்டு இணைப்புக்கு முன்வைப்பு 2,000, ஒப்பந்தப் பதிவு. 25,000 திர்ஹாம், அதாவது 5,75,000 ரூபாய். கட்டில், பாத்திரம் தனி. இரண்டு ஊரிலும் முதல் சம்பளம் வருவதற்கு முன்னால் இது கையில் இருக்க வேண்டும். அவன் கையில் இரண்டு லட்சம் இருந்தது.

முடிவு

மருமகளுக்குச் சிங்கப்பூர்தான் பிடித்திருந்தது. தமிழ் அங்கே ஆட்சிமொழி, பெண் தமிழ் படிக்கலாம். டேங்க் ரோட்டில் நகரத்தார் 1859இல் கட்டிய தண்டாயுதபாணி கோயில், தைப்பூசம், திருச்சியிலிருந்து நாலு மணி நேர விமானம். இவை ஒன்றுக்கும் எண் போட முடியாது, ஆனால் உண்மை. நானும் எதிர்த்துப் பேசவில்லை. "சம்பளத்தை 10,500க்கு உயர்த்துவாங்களா, கேட்டுப் பாரு" என்றேன். கேட்டான். முடியாது என்றார்கள்.

துபாய் என்று முடிவானது. முதலில் ஐந்து மாதம் தனியாகப் போய், அறைப் பங்கில் இருந்து, வீட்டுக்கு வைக்க வேண்டிய பணத்தைச் சேர்த்துக்கொண்டு ஆவணியில் குடும்பத்தைக் கூட்டிப்போவது. சித்திரையில் கிளம்பச் சொன்னேன். காரணம் நல்ல நாள் மட்டும் இல்லை. வேலைக்காக வெளிநாடு போகிறவன் அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் வெளிநாடு வாழ் இந்தியராகக் கணக்கு. ஏப்ரலில் போனால் அந்த வருஷம் முழுதும் அங்கே சம்பாதித்ததற்கு இங்கே வரி கேள்வி வராது. கிளம்புமுன் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாடு வாழ் இந்தியர் ஊர்ப் பணத்துக்கு வைத்துக்கொள்ளும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றி, அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு திறந்தான். என்.ஆர்.இ. வட்டிக்கு வரி இல்லை, என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதம் பிடிப்பார்கள். இரண்டையும் கலந்துவிடக் கூடாது என்று நோட்டின் அட்டையிலேயே எழுதிக் கொடுத்தேன்.

கணக்கும் நடப்பும்

போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. எங்கே சரியாக இருந்தது, எங்கே தவறினோம் என்று போன மாதம் மறுபடி உட்கார்ந்தோம், இந்த முறை வீடியோவில்.

கிளம்புமுன்னேயே ஒன்று தவறிவிட்டது. பட்டம், திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் சான்றொப்பம் வேண்டும். ஒரே சான்றைப் பல நாடுகளும் ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் அமீரகம் இல்லாததால் மாநில அரசு, வெளியுறவுத் துறை, அவர்கள் தூதரகம் என்று படிப்படியாகப் போக வேண்டியிருந்தது. பல்லவன் ரயிலில் இரண்டு தடவை சென்னை போய்வந்தான். மொத்தம் 60,000 ரூபாய் ஆயிற்று. நோட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

துபாய் மாதச் செலவு 12,270 என்று போட்டது 13,250 ஆகிறது. பள்ளிக்குப் பக்கத்தில் வீடு பார்த்ததில் வாடகை 72,000 ஆகிவிட்டது. ஏ.சி. ஓடும் மாதங்களில் கரண்டு ரசீது நாங்கள் நினைத்ததற்கு மேலே போகிறது. சாப்பாட்டில் மட்டும் 300 குறைந்தது. நம் ஊர் அரிசி, பருப்பு, முருங்கைக்காய் எல்லாம் எதிர்பார்த்ததைவிட மலிவாம். மருமகளுக்கு அங்கே வேலை பார்க்கத் தடை இல்லை, வேலை தருகிறவர் அனுமதி எடுத்தால் போதும். ஆனால் பள்ளி வேலைக்கு ஆசிரியர் அங்கீகாரம் இன்னும் கிடைக்கவில்லை; வீட்டில் டியூஷன் எடுக்க 2023 டிசம்பரில் கொண்டுவந்த தனி ஆசிரியர் அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஆக, துபாய்ப் பக்கம் தவறியது 8 சதம். திர்ஹாமும் 24 ரூபாயைத் தாண்டியதால் அதில் கொஞ்சம் ஈடாயிற்று.

காரைக்குடிப் பக்கம் தவறியது 37.5 சதம். 48,000 என்று எழுதியது 66,000 ஆகிவிட்டது. இதை எழுதியவன் இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊரிலேயே கணக்கு எழுதிய நான்.

மொய் முதலில். இங்கே இருக்கும்போது அவன் ஆயிரம் எழுதினால் யாரும் நோட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. துபாய் போன பிறகு அதே ஆயிரம் எழுதினால் "வெளிநாட்டுல இருக்கான்ல" என்று ஒரு பேச்சு. இப்போது மூவாயிரம், ஐயாயிரம் என்று போகிறது. ஒரு குடமுழுக்குக்கும் கேட்டார்கள். மொய்யும் கோயிலும் சேர்த்து மாதம் ஐயாயிரம் கூடிவிட்டது. பங்கு வீட்டில் மழைக்கு முன்னால் ஓடு மாற்றினார்கள். நாலு பங்குக்கும் சமமாகப் போடுவதுதான் வழக்கம். "நீ கொஞ்சம் சேர்த்துப் போடப்பா, இவங்களுக்குப் பென்சன்தானே" என்று பெரியவர் ஒருவர் சொன்னார். மறுக்க முடியாது. அது நாலாயிரம்.

மீதி ஒன்பதாயிரம்தான் எனக்கு உறைத்தது. அக்காவுக்குத் துணையாக இரவு தங்க ஓர் அம்மாளை வைக்க வேண்டியதாயிற்று. இதற்கு முன் ஞாயிறுதோறும் மகனும் மருமகளும் வருவார்கள். மாத்திரை வாங்கி வைப்பார்கள், சிலிண்டர் மாற்றுவார்கள், டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். அவர்கள் வந்து செய்ததற்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அதனால் நானும் எங்கேயும் எழுதவில்லை. அவர்கள் போனதும் அந்த வேலைக்கு ஒரு விலை வந்துவிட்டது.

எல்லாம் கழித்து இப்போது மாதம் தேறுவது 96,000 ரூபாய் மாதிரி. 1,30,000 என்று நினைத்தோம். வட்டத்துக்குள் இருந்த 39,000 ரூபாய்க்கு இது இரண்டரை மடங்கு. மனைக் கடனில் பாதியை அடைத்துவிட்டான்.

போன வாரம் மறுபடி கூப்பிட்டான். அடுத்த ஒப்பந்தத்துக்கு வாடகை ஏறும் என்று வீட்டுக்காரர் கடிதம் கொடுத்திருக்கிறாராம். அங்கே 90 நாளுக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கும் அரசு வாடகைக் குறியீடு இருக்கிறது. குறியீட்டில் அந்தக் கட்டடத்துக்கு என்ன வருகிறது என்று முதலில் பார்க்கச் சொன்னேன். அப்புறம் என் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. வருஷ விடுமுறைக்கு அவர்கள் வருவதற்குப் பதிலாக, மூன்று மாதம் தானே அங்கே போய் இருந்தால் இரவுத் துணைக்கு வைத்த ஆள் செலவும் நாலு டிக்கெட்டும் மிச்சமாகாதா என்று கேட்டார். நோட்டை எடுத்துவந்தேன். நாற்பது பக்கத்தில் இன்னும் ஆறு பக்கம் பாக்கி இருந்தது.